கணக்கு தெரிந்திருப்பது குழந்தையின் குற்றமா?

கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கு: 502-லிருந்து 498 போனால் எவ்வளவு? மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் "நாலு" என்கிறாள். 498-உடன் இரண்டு சேர்த்தால் 500, இன்னும் இரண்டு சேர்த்தால் 502. மனத்துக்குள் அவள் செய்தது அவ்வளவுதான். ஆனால் நோட்டில் விடையை மட்டும் எழுதியிருப்பதால் சிவப்பு மையில் அடி விழுகிறது. ஒன்றாம் இடத்தில் 2 போதாது, பத்தாம் இடத்தில் 0 இருக்கிறது, எனவே நூறாம் இடத்துக்குப் போய்க் கடன் வாங்கி, அடித்து, மேலே எழுதி, அதன்பிறகு கழித்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள். காட்டுகிறாள். அடுத்து அதே வகையில் பத்துக் கணக்குகள் தரப்படுகின்றன. அவற்றையும் மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிடுகிறாள். அதற்குப் பிறகு வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் அன்றாடம் நடப்பது இது. கடன் வாங்கிக் கழிக்கும் முறையைக் கற்பிப்பதில் தவறில்லை. எண்களின் உறவைத் தானே கண்டுகொண்ட ஒரு குழந்தைக்கு அடுத்த படியைக் காட்டாமல், தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்துவிட்டு, மிச்ச நேரத்தில் சும்மா இருக்கச் சொல்வதுதான் தவறு. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து ஆண்டுகள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று விதித்திருக்கிறது. அதில் கணக்குக்கு உரிய பங்கை, விரைந்து கற்கும் பிள்ளை எதையும் புதிதாகக் கற்காமலே கழிக்கிறது. இதைத் தெரிந்தும் பொருட்படுத்தாமல் இருக்கும் பள்ளிக் கல்வித் துறையையும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தையும் இத்தலையங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

இன்று ஒரு தொடக்கப் பள்ளியில் கணக்கில் முந்தி நிற்கும் பிள்ளைக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன? அதே கணக்குகளை இன்னும் ஒரு பக்கம் போடலாம். நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் மேசைக்குக் கொண்டுபோகலாம். பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எதுவும் இல்லாவிட்டால் சத்தம் போடாமல் இருக்கலாம். சொல்லிக் கொடுப்பது நல்ல பழக்கம்தான். சொல்லிக் கொடுக்கும்போது தெளிவும் கூடும். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவது கற்பதற்கு. சம்பளமில்லாத உதவி ஆசிரியராக இருப்பது அதன் கடமையில்லை. அடக்கமான பெண் பிள்ளைகள் மீதே இந்த வேலை அதிகம் விழுகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அவர்களுடைய பொறுமையைப் பாராட்டிவிட்டு அவர்களுடைய அறிவைக் காக்க வைக்கிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கொரோனா காலத்தில் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்தபோது எண்ணும் எழுத்தும் மறந்து நின்ற குழந்தைகளுக்காக 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிடுவது அரசின் முதல் கடமை. அதில் ஒரு பைசா குறைக்கவும் இத்தலையங்கம் கேட்கவில்லை. ஆனால் அத்திட்டத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். அரும்பு என்பது முதல் வகுப்புக்குரிய நிலை, மொட்டு இரண்டாம் வகுப்புக்குரியது, மலர் மூன்றாம் வகுப்புக்குரியது. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு முதல் வகுப்பு நிலையில் தடுமாறும் பிள்ளைக்கு அரும்பிலிருந்து படி இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்புக் கணக்கைப் போடும் பிள்ளைக்கு? மலர்தான் உச்சி. அதற்கு மேல் படி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நிலைக்கேற்பக் கற்பிப்போம் என்று அறிவித்த ஓர் இயக்கம், கீழ்நோக்கி மட்டும் நிலைகளை வகுத்துவிட்டு மேலே கூரை போட்டிருக்கிறது. இது திட்டமிட்டவர்களின் குறை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரின் குறை அல்ல.

திறமையைத் தேடும் திட்டங்களையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம். தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு எட்டாம் வகுப்பில் நடக்கிறது. ஊரக மாணவர்களுக்கான திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பில். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அதற்கும் மேலான வகுப்பில். மாவட்டந்தோறும் அமைந்த மாதிரிப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து. அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்க வைக்கும் வானவில் மன்றம்கூட ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்றிலிருந்து ஐந்து வரை இந்த வரிசையில் எங்கே? ஆறு வயதில் ஆர்வத்தோடு வந்த பிள்ளையை ஐந்து ஆண்டுகள் சலிக்க வைத்துவிட்டு, எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்துத் திறமையைத் தேடுகிறோம். கணக்கு என்றாலே போரடிக்கும் என்று முடிவு கட்டிவிட்ட பிள்ளை அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே வராது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் வகுக்கும் அமைப்பு எவற்றையெல்லாம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பட்டியலிடுகிறது. குழந்தையின் அறிவையும் உள்ளாற்றலையும் திறமையையும் வளர்த்தெடுப்பது அதில் ஒன்று. உடல், மன ஆற்றல்களை முழு அளவுக்கு வளர்ப்பது இன்னொன்று. குறைந்தபட்ச அளவு என்று சட்டம் சொல்லவில்லை. முழு அளவு என்கிறது. ஒன்றிய அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தனித்திறன் கொண்ட குழந்தைகளின் கல்விக்குத் தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுவும் வழிகாட்டுதல்களை உருவாக்கும் என்று எழுதியது. அக்கொள்கையின் பல கூறுகளைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு கிராமத் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் கையில் இந்தப் பிள்ளைகளுக்கென்று எந்த அரசு கொடுத்த கையேடும் இல்லை. இரண்டு அரசுகளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதில் வருத்தத்துக்குரிய இன்னொரு செய்தி, நம்மிடம் ஒரு காலத்தில் இதற்கு வழி இருந்தது என்பதுதான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சுவரில் கற்றல் ஏணி தொங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்தது. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேகமாக முடித்த பிள்ளை அடுத்த அட்டைக்குப் போனது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அம்முறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, ஆசிரியரின் பங்கு சுருங்கியது என்ற குறைகள் நியாயமானவை. குறைகளைக் களைந்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, அடுத்தடுத்து வந்த மாற்றங்களில் தன் வேகத்தில் முன்னேறும் உரிமையையே கைவிட்டோம்.

கைவிட்டதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வெளியே கடை திறந்திருக்கிறது. தெருவுக்குத் தெரு அபாகஸ் வகுப்பு. கட்டணம் கட்டினால் எழுதும் ஒலிம்பியாட் தேர்வுகள். இணைய வழித் தனி வகுப்புகள். இவற்றில் பல வேகத்தை மட்டும் விற்கின்றன. மணியை நகர்த்தி நொடியில் கூட்டுவது ஒரு பயிற்சி. ஏன் அப்படி வருகிறது என்று கேட்பதில்தான் கணிதம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு, மீன்பிடித் துறைமுகத்தில் கூலிக்கு நிற்கும் தந்தையின் மகனுக்கு, அந்த அரசுப் பள்ளி வகுப்பறையைத் தவிர வேறு இடமில்லை. அங்கே கிடைக்காவிட்டால் எங்கேயும் கிடைக்காது. ஆகவே, விரைந்து கற்கும் பிள்ளைகளைக் கவனிப்பது மேட்டுக்குடிக் கோரிக்கை என்று ஒதுக்குவது முழுப் பிழை. கவனிக்காமல் விடுவதுதான் மேட்டுக்குடிக்குச் சாதகம். எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்துவது சமத்துவம் ஆகாது. ஏழைப் பிள்ளையும் தன்னால் முடிந்த தூரம் போக வழி செய்வதே சமூக நீதி.

"மேதை என்றால் எப்படியும் மேலே வந்துவிடுவான், ராமானுஜன் வரவில்லையா?" என்பார் சிலர். அந்த வரலாற்றைச் சரியாகப் படிக்க வேண்டும். கும்பகோணம் காங்கேயன் தொடக்கப் பள்ளியில் படித்து, 1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த சிறுவன் அவர். அவருக்கு லோனியின் திரிகோணமிதிப் புத்தகம் கிடைத்தது, வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்களால். பள்ளி அதைத் தரவில்லை. 1903-இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் கைக்கு வந்தது ஒரு நண்பர் வழியாக. பிறகு கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றவற்றில் தோற்று, உதவித்தொகையை இழந்து, எஃப்.ஏ. தேர்விலும் தேறாமல் நின்றார். தற்செயலாக வந்த புத்தகங்களே அவரை வளர்த்தன. படிப்பு முறை அவரைக் கைவிட்டது. ஒருவர் தப்பி வந்ததை வைத்து, தப்பாமல் போனவர்களின் கணக்கை மூடிவிட முடியாது. அவர் பிறந்த டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். மாலை போடுவதற்கு முன், அவரைப் போல் எட்டு வயதில் கேள்வி கேட்கும் பிள்ளை இன்று நம் பள்ளியில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதே அவருக்கான மரியாதை.

மேதைகளைப் பற்றி மட்டும் பேசவும் வேண்டாம். ராமானுஜன் நூற்றாண்டுக்கு ஒருவர். வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது பாடத்தை மற்றவர்களுக்கு முன்பே பிடித்துக்கொள்கிறார்கள். இத்தலையங்கம் பேசுவது அவர்களைப் பற்றி.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது அடுத்த மறுப்பு. இது உண்மை, இதற்கும் அரசே பொறுப்பு. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஐந்து பாடம். அதற்கிடையே எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், இணைய வழி மதிப்பீடு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு. இந்தச் சுமையைக் குறைக்காமல் இன்னொரு பதிவேட்டை ஆசிரியரின் தலையில் ஏற்றினால் அதையும் கண்டிப்போம். ஆனால் இதே ஈராசிரியர் பள்ளியில்தான் மிக எளிய வழியும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புக்குக் கேட்ட கேள்விக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்கிறது. "உன் வகுப்புக் கணக்கைப் பார்" என்று அடக்குவதா, "வா, இங்கே உட்கார்" என்று கணக்குப் பாட வேளைக்கு மட்டும் இடம் மாற்றுவதா? இரண்டாவதற்குச் செலவு எதுவும் இல்லை. தமிழும் சூழ்நிலையியலும் தன் வயதுப் பிள்ளைகளோடு, கணக்கு மட்டும் மேல் வகுப்போடு. இதற்குத் தடையில்லை என்று துறை ஓர் அரசாணையில் எழுதித் தந்தால் போதும்; ஆசிரியர் அஞ்சாமல் செய்வார். முன்பெல்லாம் டபுள் புரமோஷன் என்று முழு வகுப்பையே தாண்டவைத்தார்கள். அது மிக அரிதாக, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து ஆலோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஒரு பாடத்தில் மட்டும் மேலே போவதற்கு அத்தனை தயக்கம் தேவையில்லை.

தயவுசெய்து இதற்கும் ஒரு தேர்வைக் கொண்டுவந்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்கிறோம். இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, பத்து வயதுப் பிள்ளைகளை டியூஷனுக்கும் பெற்றோரை மன உளைச்சலுக்கும் தள்ளியதைக் கண்டோம். சிங்கப்பூரும் ஒரு பாடம் தருகிறது. 1984-இல் தொடங்கிய மீத்திறன் திட்டத்தில் தொடக்கநிலை மூன்றில் தேர்வு வைத்து, சுமார் ஒரு சதவீதப் பிள்ளைகளை மட்டும் பிரித்து, ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பு நடத்தினார்கள். 2024 ஆகஸ்ட்டில், அத்திட்டம் அந்த வடிவில் முடிவுக்கு வரும் என்றும், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியுமே அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டறிந்து வளர்க்கும் என்றும் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். நாற்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடம் சாதாரணப் பள்ளியின் வகுப்பறை. நாம் அங்கிருந்தே தொடங்கலாம்.

மேலே போவது ஒரு வழி என்றால் ஆழமாகப் போவது இன்னொன்று. கூட்டல் முடித்த பிள்ளைக்கு இன்னும் பெரிய எண்களின் கூட்டல் வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: ஒன்றிலிருந்து நூறு வரை எழுதினால் 9 என்ற இலக்கம் எத்தனை முறை வரும்? பத்து என்று அவசரமாகச் சொல்வார்கள். தொண்ணூறுகளை எண்ணிப் பார்த்துவிட்டு இருபது என்று திருத்துவார்கள். சரி, 8 எத்தனை முறை? அதுவும் இருபது. அப்படியானால் 0 மட்டும் ஏன் பதினொன்று? ஒன்றிலிருந்து ஆயிரம் வரை போனால் 9 எத்தனை முறை? ஒரு காகிதமும் பென்சிலும் போதும். பிள்ளை ஒரு பாட வேளை முழுவதும் அதில் மூழ்கியிருக்கும். இடமதிப்பு என்றால் என்ன என்பதை எந்தப் பயிற்சித்தாளும் தராத தெளிவோடு புரிந்துகொள்ளும். பாடநூலில் 'அமைப்புகள்', 'தகவல் செயலாக்கம்' என்ற அலகுகள் இருக்கின்றன. இத்தகைய கேள்விகள் வளர வேண்டிய நிலம் அவை. அவற்றை இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டு நகர்கிறோம்.

இப்படிக் கேள்வி உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு இம்மாநிலத்தில் பஞ்சமில்லை. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமானுஜன் உயராய்வு நிறுவனம் இருக்கின்றன. 1965-இல் சென்னையில் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே போட்டிகள் நடத்துகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் தமிழிலேயே வருகிறது. மறைந்த பி.கே. சீனிவாசன் போன்ற பள்ளி ஆசிரியர்கள், காகிதத்தையும் தீக்குச்சியையும் வைத்துக் குழந்தைகளுக்குக் கணிதம் காட்டிய மண் இது. இவ்வளவு இருந்தும், பத்துக் கல் தொலைவில் இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இவற்றிலிருந்து ஒரு கேள்வித்தாள்கூடப் போய்ச் சேர வழி செய்யாதது துறையின் அலட்சியம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தீர்கள். திறன்மிகு வகுப்பறை அமைத்தீர்கள். அவற்றில் இந்தப் பிள்ளைக்கு என்ன வைத்தீர்கள்?

தனியார் பள்ளி நிர்வாகங்களும் கண்டனத்துக்குத் தப்ப முடியாது. மேல் வகுப்புப் புத்தகத்தைக் கீழ் வகுப்பில் எல்லோருக்கும் திணிப்பதை உயர்தரக் கல்வி என்று விளம்பரப்படுத்துகிறார்கள். தயாராக இல்லாத பிள்ளையை அது நசுக்குகிறது. தயாரான பிள்ளைக்கோ கேள்வி கேட்க நேரம் தருவதில்லை. பெற்றோருக்கும் ஒரு சொல்: பிள்ளையின் விரைவைக் கோப்பைகளாக மாற்றி அலமாரியில் அடுக்காதீர்கள். மாலையில் அதற்கு விளையாட்டும் வேண்டும்.

பள்ளிக் கல்வித் துறையிடம் நாம் கேட்பவை இவை. எண்ணும் எழுத்தும் கட்டமைப்பில் மலருக்கு மேல் ஒரு நிலையைச் சேருங்கள்; அதற்கான பயிற்சி நூலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்புங்கள். ஒவ்வோர் அலகும் தொடங்கும் முன், அதன் இறுதியிலிருந்து நான்கைந்து கேள்விகளைக் கொடுத்துப் பார்க்க ஆசிரியருக்கு வழிகாட்டுங்கள். அவற்றைச் சரியாகச் செய்த பிள்ளைக்கு வழக்கமான பயிற்சியிலிருந்து விலக்கு அளித்து, மேலும் சிந்திக்க வைக்கும் கணக்குகளைக் கொடுங்கள். கணக்குப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் அமர எழுத்துப்பூர்வமாக அனுமதி தாருங்கள். பல வழிகளில் சரியான விடைக்கு வந்தால் ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று மதிப்பீட்டு விதியில் எழுதுங்கள். குறுவள மையத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, அருகிலுள்ள பள்ளிகளின் பிள்ளைகள் கூடிக் கணக்கு போட ஒரு வட்டம் அமையுங்கள். போக்குவரத்துச் செலவையும் மதிய உணவையும் அரசே ஏற்கட்டும். வானவில் மன்றத்தை ஐந்தாம் வகுப்புக்கும் அதற்குக் கீழும் கொண்டுவாருங்கள். ஆசிரியர் பட்டயப் படிப்பிலும் பணியிடைப் பயிற்சியிலும் இப்பிள்ளைகளை அடையாளம் காணும் முறையைச் சேருங்கள். இரண்டு ஆசிரியரைக் கொண்டு ஐந்து வகுப்பு நடத்தும் நிலையை மாற்றுங்கள்.

இவற்றில் முதல் நான்குக்குப் பெரிய நிதி தேவையில்லை. கையெழுத்தும் அச்சகமும் போதும். எனவே கால அவகாசம் கேட்கும் உரிமை துறைக்கு இல்லை. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த நான்கும் நடைமுறையில் இருக்க வேண்டும். மற்றவற்றுக்குத் தேதி குறித்த செயல்திட்டம் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். செய்யாவிட்டால், அரசுப் பள்ளிக் குழந்தைக்குக் குறைந்தபட்சம் போதும் என்று அரசு முடிவு செய்துவிட்டதாகவே பொருள். அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை மக்கள் எந்த அரசுக்கும் கொடுக்கவில்லை.